சைபர் டீச்சர்

வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நான் தெருமுனைக்குப் போயிருப்பேன். அவள் வந்திருக்க மாட்டாள். திரும்பிப் பார்த்தால் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்த வீட்டில் குடியிருந்ததே நாங்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேரும் வெளியே நிற்கிறோம். பிறகு உள்ளே யாரைத் தேடுகிறாள்?

"அக்கா, பஸ் போயிரும்!"

"இருட்டீ, ஒரு தடவ பாத்துட்டு வந்திருதேன்."

ஒரு தடவை என்பாளே தவிர, பின்னால் சுற்றிப்போய் அடுப்படி ஜன்னலிலும் பார்த்துவிட்டுத்தான் வருவாள். அரிசிப் பானையை மூடினோமா, அடுப்பை அணைத்தோமா என்று பார்க்கிறவள் முகத்தில் ஒரு பதற்றம் இருக்குமே, அது அவளிடம் இருக்காது. யாரிடமோ போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு வருகிறவளைப் போல நிதானமாக வருவாள். அதைப் பார்த்தால்தான் எனக்கு எரிச்சல் மண்டிக்கொண்டு வரும்.

மேலகரத்தில் அந்த வீட்டை நாங்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தோம். அறுபதுகளின் தொடக்கம் அது. தென்காசியில் அப்போது ஒரு சின்னப் பெண்கள் பள்ளிக்கூடம் இருந்தது. இப்போது இல்லை. அதில் நான் தையல் டீச்சர், அவள் கணக்கு டீச்சர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். நல்ல உயரம், ஒட்டின கன்னம், இடது கைப்பழக்கம். அந்த இடது கை விரல்களில் எந்நேரமும் சாக்பீஸ் பொடி ஒட்டியிருக்கும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தாலும் அது முழுசாகப் போகாது. சொந்த ஊர் வீரகேரளம்புதூர். கல்யாணம் ஆகவில்லை என்று ஒரு பேச்சு, ஆகி நிலைக்கவில்லை என்று இன்னொரு பேச்சு. நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

சைபர் டீச்சர் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். அது அவளுக்குத் தெரியும். "நல்ல பேருதான் வச்சிருக்குவ" என்று சிரிப்பாள்.

என் தையல் வகுப்புக்கும் அவளுடைய பத்தாம் வகுப்புக்கும் நடுவில் வெறும் மூங்கில் தட்டிதான். அங்கே நடக்கிற பாடம் முழுக்க எனக்குக் கேட்கும். நான் கணக்குக்குப் பயந்துதான் தையலுக்கே ஓடி வந்தவள். இருந்தாலும் அந்தத் தட்டி புண்ணியத்தில் இன்றைக்கும் எனக்கு ஒரு கணக்கு மறக்கவில்லை. வருஷா வருஷம் அல்ஜீப்ரா ஆரம்பித்து, காரணிப்படுத்துவது வந்ததும் இதைத்தான் போர்டில் எழுதுவாள்:

x(x − 5) = 3(x − 5)

"யாரு போடுதா?"

அந்த வருஷம் எழுந்து போனது மைமூன். வகுப்பு லீடர், படு கெட்டிக்காரி. ஈக்வலுக்கு இந்தப் பக்கமும் (x − 5), அந்தப் பக்கமும் (x − 5). ஒன்றுக்கு ஒன்று சரியாய்ப் போயிற்று என்று இரண்டின் குறுக்கேயும் சர்ரென்று ஒரு கோடு இழுத்து அடித்துவிட்டு, x = 3 என்று எழுதினாள்.

"சரிபாத்தியாட்டீ?"

"பாத்துட்டேன் டீச்சர். மூணைப் போட்டா ரெண்டு பக்கமும் மைனஸ் ஆறு வருது."

"விடை சரிதான். ஆனா ஒண்ணு போச்சு."

வகுப்பு முழித்தது. "அஞ்சைப் போட்டுப் பாரு" என்றாள் இவள். ஐந்தைப் போட்டால் அடைப்புக்குள் ஐந்தில் ஐந்து போய்ச் சைபர். எதைச் சைபரால் பெருக்கினாலும் சைபர். இந்தப் பக்கம் சைபர், அந்தப் பக்கம் சைபர். ஐந்தும் பொருந்துகிறது, ஐந்தும் விடைதான். மைமூன் இழுத்த கோட்டில் அந்த விடையும் ஓசைப்படாமல் சேர்ந்து அடிபட்டுப் போய்விட்டது.

"தப்பான விடை வந்தா, சரிபாக்கையில காட்டிக்குடுத்திரும். இந்தத் தப்பு காட்டிக்குடுக்காது. மிச்சம் இருக்கிற விடை சரியாத்தான் இருக்கும். நம்மளும் எல்லாம் சரின்னு நெனச்சுட்டு வீட்டுக்குப் போயிருவோம். போனது பின்னாலயே நின்னுட்டிருக்கும். கூப்பிடக்கூடச் செய்யாது."

பிறகு அவள் வழியில் போட்டுக் காட்டுவாள். எல்லாவற்றையும் ஒரு பக்கமாகக் கொண்டுவந்து, அந்தப் பக்கம் சைபர் மட்டும் மிஞ்சும்படி வைப்பாள். அதைக் காரணியாகப் பிரித்தால் (x − 5)(x − 3) = 0. இரண்டைப் பெருக்கிச் சைபர் வந்தால் அதில் ஒன்றாவது சைபராக இருக்கணும். அப்படியானால் x ஐந்தாக இருக்கலாம், மூன்றாகவும் இருக்கலாம்.

"ரெண்டு பேரும் வந்தாச்சா?"

எண்களைத்தான் அப்படிக் கேட்பாள். பிள்ளைகள் கொல்லென்று சிரிக்கும். தட்டிக்கு இந்தப் பக்கம் எனக்குச் சிரிப்பு வராது, ஊசி அப்படியே நின்றுவிடும்.

"எதையும் அடிக்கதுக்கு முன்னால கேளுங்க. இது சைபரா இருந்தா?" கோடு கிழிக்கப் போகிற பிள்ளையின் கையைப் பிடித்து இதையே நூறு தடவை கேட்பாள். அதில் வந்த பட்டம்தான் சைபர் டீச்சர்.

ஒரு சாயங்காலம் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தோம். வெளியே நல்ல சாரல். பொழுது போகவில்லை, ஒரு கணக்குச் சொல்லுங்க அக்கா என்று நான்தான் வாயைக் கொடுத்தேன்.

"ஒரு பஸ்ஸுல கொஞ்சம் பொம்பளைக ஏறுதாக. வரிசைக்கு மூணு பேரா உக்காந்தா ரெண்டு பேரு நிக்கணும். வரிசைக்கு நாலு பேரா நெருக்கி உக்காந்தா ஒரு வரிசை காலி. எத்தனை பேரு?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாததை எக்ஸ்னு வச்சுக்கோ. வரிசைதான் எக்ஸ்."

அவரைக்காய் நாரைத் தரையில் பரப்பிப் போட்டேன். மூன்று எக்ஸும் இரண்டும் ஒரு பக்கம். எக்ஸில் ஒரு வரிசை குறைத்து நாலால் பெருக்கினது மறுபக்கம். அவள் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, இங்கே இருந்ததை அங்கே தள்ளி, அங்கே இருந்ததை இங்கே இழுத்து, ஆறு வரிசை, இருபது பொம்பளை என்று கண்டுபிடித்துவிட்டேன். எனக்கு ஒரே பெருமை. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரிடம் வாங்கின குட்டெல்லாம் அன்றைக்குத்தான் மண்டையிலிருந்து இறங்கினது.

அவள் அவரைக்காயை ஒடித்துக்கொண்டே கேட்டாள். "நாலு நாலு பேரா மூச்சு முட்ட நெருக்கி உக்காந்திருக்காகளே, பின்னால ஒரு வரிசை காலியாத்தான கெடக்கு. ஏன் ஒருத்தியும் அங்கன போயி உக்காரலை?"

நான் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு அடுப்படிப் பக்கம் விளக்கேற்றப் போவதற்குக் கால் வரவில்லை.

"இப்படிப் பேசாதீக அக்கா. நீங்க ஜன்னல்ல எட்டிப் பாக்கதும், இப்படிக் கேக்கதும், கூட இருக்கவளுக்குப் பயமா இருக்குல்லா" என்று கோபமாகவே சொன்னேன்.

அப்போதுதான் அதைச் சொன்னாள். சின்ன வயதில் ஒரு திருவிழாவுக்குப் போய்விட்டு வண்டியில் ஆற்றைக் கடந்து வந்தார்களாம். வெள்ளம் வருகிறது என்று அக்கரையில் சத்தம் கேட்கவும், அவசர அவசரமாகப் பிள்ளைகளைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு இக்கரைக்கு வந்தாயிற்று.

"வந்ததும் எங்க அய்யா தலை எண்ணினாக. சரியா இருந்துச்சு. வீட்டுக்கு வந்து எல்லாரும் சாப்பிட உக்காந்தோம். அப்பதான் தெரியுது, வேற யாரு வீட்டுப் பிள்ளையோ ஒண்ணு எங்க வண்டியில ஏறியிருக்கு. எங்க தம்பி ஏறலை."

"தம்பி?"

"கெடைக்கல" என்றாள். இன்னும் இரண்டு அவரைக்காயை ஒடித்துப் போட்டுவிட்டு, "ஆனா எண்ணிக்கை சரியாத்தான் இருந்துச்சு" என்றாள். நான் எழுந்து போய் அவள் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்துகொண்டேன். வேறு என்ன செய்ய என்று தெரியவில்லை. மறுநாளிலிருந்து அவள் ஜன்னலில் எட்டிப் பார்த்தால் நான் கத்துவதில்லை, தெருமுனையில் நின்றுகொள்வேன்.

அந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்து ஒரு மாதத்தில் அவள் வகுப்பில் கோமதி என்கிற பிள்ளை மஞ்சள் காமாலையில் செத்துப்போனது. ஒல்லிப் பிள்ளை, ஓயாமல் தொண்டைக் கரகரப்பு. காலையில் பெயர் கூப்பிடும்போது மற்ற பிள்ளைகள் டக் டக்கென்று 'உள்ளேன் டீச்சர்' சொல்லும். கோமதி மட்டும் முதலில் கனைத்துக்கொண்டு, ஒரு மூச்சு பிந்தித்தான் சொல்லும். கூட இருக்கிற பிள்ளைகள் அதைச் செய்து காட்டிச் சிரிக்கும்.

செத்த மறுவாரமும் இவள் கோமதி என்று கூப்பிட்டாள். தட்டிக்கு இந்தப் பக்கம் நான் விக்கித்துப் போனேன். ஒரு மூச்சு நேரம் சும்மா இருந்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனாள். மறுநாளும் அப்படியே. ஆவணியில் பகவதி என்ற பிள்ளையைப் படிப்பிலிருந்து நிறுத்திக் குற்றாலத்தில் ஒரு கடைக்காரர் வீட்டுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பதினாறு முடிந்திருந்தால் அதிகம். அழுதுகொண்டே போனது. அதன் பெயரையும் இவள் விடவில்லை, தினமும் கூப்பிட்டாள்.

தலைமையாசிரியை மதுரைப் பக்கத்துக்காரர். பெரிய டீச்சர் என்போம். ஒருநாள் வராந்தாவில் போனவர் இதைக் கேட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"என்ன டீச்சர் இது? ஒண்ணு செத்துப்போச்சு, ஒண்ணு கல்யாணமாகிப் போச்சு. பேரை அடிக்க வேண்டியதுதானே?"

"அடிச்சாப் போயிரும் மேடம்."

"போயிடுச்சேம்மா! செத்த பிள்ளை பேரைச் சொல்லிட்டு யாருக்காகக் காத்துக்கிட்டு நிக்கிறீங்க?"

"அது எப்பவும் கொஞ்சம் பிந்தித்தான சொல்லும்."

பெரிய டீச்சர் பேனாவைத் திறந்தார். மேஜையில் இருந்த வருகைப் பதிவேட்டைத் தானே இழுத்து, சிவப்பு மசியால் இரண்டு பெயர்களையும் அடித்துவிட்டுப் போய்விட்டார். இவள் தடுக்கவும் இல்லை, வருத்தப்படவும் இல்லை. மறுநாள் பதிவேட்டைப் பார்க்காமல் மனசிலிருந்தே பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தாள்.

ஐப்பசியில் பிள்ளைகளைக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போனோம். சீசனில் கூட்டம் நெரியும், பொம்பளைப் பிள்ளைகளைக் கூட்டிப் போக முடியாது என்று, சீசன் முடிந்து ஊர் வெறிச்சென்று கிடக்கிற சமயமாகப் பார்த்துப் பெரிய டீச்சர் ஏற்பாடு செய்திருந்தார். ஐப்பசி மழையில் அருவியில் தண்ணீர் மட்டும் குறைவில்லை. எண்ணெய்க் கடைகளெல்லாம் சாத்தியிருந்தன. குரங்குகள்கூடச் சோற்றுப் பொட்டலத்தைப் பிடுங்க வராமல் கூரை மேல் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தன. பிள்ளைகள் குளித்தன, கத்தின, எலுமிச்சஞ்சோறு தின்றன. சாயங்காலம் நாலு மணிக்கே வானம் மூடிக்கொண்டு வந்துவிட்டது. எல்லாரும் ஏறுங்கள் என்று பெரிய டீச்சர் கையைத் தட்டினார்.

பஸ் வாசலில் நின்று நான்தான் தலை எண்ணினேன். சரியாக இருந்தது. பெரிய டீச்சரும் ஒரு தடவை எண்ணினார். சரியாக இருந்தது.

"பேரும் ஒரு தடவ கூப்பிட்டிருதேன்" என்றாள் இவள்.

"அதான் ரெண்டு தடவை எண்ணியாச்சே டீச்சர்" என்று முணுமுணுத்துக்கொண்டே பெரிய டீச்சர் முன் சீட்டில் போய் உட்கார்ந்தார். இவள் கீழேயே நின்றாள். நான் குடை பிடித்தேன். மனசிலிருந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். ஜன்னல்களிலிருந்து பிள்ளைகள் உள்ளேன் டீச்சர், உள்ளேன் டீச்சர் என்று குரல் கொடுத்துக்கொண்டே வந்தன. பின்னால் அருவி இரைந்துகொண்டிருந்தது.

"கோமதி."

வழக்கம்போல ஒரு மூச்சு நேரம் நின்றாள். அந்த மூச்சு நேரத்துக்கு நானும் பழகிப்போயிருந்தேன்.

யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். பிறகு, "உள்ளேன் டீச்சர்."

பஸ்ஸிலிருந்து வரவில்லை. எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து, மேலே சிற்றருவிப் படிக்கட்டுப் பக்கமிருந்து மெல்லிசாக வந்தது. நான் கேட்டேன். எனக்குப் பேய் பிசாசு நம்பிக்கை கிடையாது, இன்றைக்கும் கிடையாது. ஆனால் கேட்டதைக் கேட்கவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது.

"யாருட்டீ அது விளையாடுதது?" என்று பஸ்ஸைப் பார்த்துக் கத்தினேன்.

ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. மைமூன் மட்டும் பக்கத்துப் பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, படிக்கட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதிப் பிள்ளைகளுக்கு ஒன்றும் கேட்டிருக்கவில்லை. என்ன டீச்சர், என்ன டீச்சர் என்று கேட்டுக்கொண்டிருந்தன.

இவள் திடுக்கிடவே இல்லை. "மேலருந்துதான வந்துச்சு?" என்று என்னைக் கேட்டாள்.

"ஆமாக்கா."

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். பெரிய டீச்சர் தலையை வெளியே நீட்டி, "எங்க போறீங்க? எண்ணிக்கை சரியா இருக்கு டீச்சர்!" என்று கூப்பிட்டார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "சரியாத்தான் இருக்கு மேடம். அதான் பயமா இருக்கு."

அவள் பயம் என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். டிரைவரிடம், "அண்ணாச்சி, கொஞ்சம் பொறுங்க, இந்தா வந்திருதோம்" என்று சொல்லிவிட்டு நானும் குடையோடு பின்னால் ஓடினேன்.

படி முழுக்கப் பாசி. சிற்றருவியில் ஆள் நடமாட்டமே இல்லை. அவள் அங்கே நிற்காமல் செண்பகாதேவி அருவிக்குப் போகிற பாதையில் ஏறினாள். எதையும் தேடுகிற மாதிரி தெரியவில்லை, யாரையும் கூப்பிடவும் இல்லை. கொஞ்ச தூரத்தில் பாதையை விட்டு ஆற்றுப் பக்கம் இறங்கினாள். அந்தத் தண்ணீர்தான் கொஞ்சம் தள்ளிப்போய்ப் பெரிய அருவியாகப் பொங்குமாங்கடல் என்கிற ஆழக் குழியில் விழுகிறது. ஓரத்தில் ஒரு பாறை. அதன் விளிம்பில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தது. ஈரத்தலை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. நல்ல ஒல்லி.

கோமதிதான் என்றே நினைத்தேன். குடை கையிலிருந்து நழுவி விழுந்ததுகூடத் தெரியவில்லை. இவள் கையை நீட்டி என்னை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, இன்னும் நாலு எட்டு இறங்கினாள்.

"என்னட்டீ பகவதி, இங்கனயா இருக்க? பஸ்ஸுக்கு நேரமாச்சு. எந்திரி."

பிள்ளை திரும்பிப் பார்த்தது. பகவதிதான். இரண்டு மாதத்தில் அடையாளம் தெரியாமல் போயிருந்தாள். பக்கத்தில் பாறை மேல் தன்னுடைய கல்யாண வளையல்களைக் கழற்றி வரிசையாக வைத்திருந்தாள். தங்கச்சிக்கு ஆகட்டும் என்று உடையாமல் கழற்றி வைத்தாளாம். அதைப் பிற்பாடு என்னிடம் சொன்னாள். அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதையும் சொன்னாள், அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஒரு பிள்ளையை இரண்டு மாதத்தில் அந்தப் பாறை வரைக்கும் நடக்க வைத்த வீடு என்று சொன்னால் போதும்.

"டீச்சர்..." என்றாள் பகவதி.

"வளையலை எடுத்துக்கோ. எல்லாரும் உக்காந்தாச்சு. நீ ஒருத்திதான் பாக்கி."

எங்களோடு காலையில் பஸ்ஸில் வந்த பிள்ளையிடம் பேசுகிற மாதிரி, கொஞ்சம் அதட்டலாகவே சொன்னாள். ஐயோ என்று அலறியிருந்தால், ஓடிப்போய்ப் பிடித்திருந்தால், என்ன ஆகியிருக்குமோ தெரியாது. டீச்சர் சொல்லிவிட்டார் என்பதற்காகப் பகவதி எழுந்தாள். வளையல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். விளிம்பிலிருந்து இந்தப் பக்கம் வந்ததும் இவள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பஸ் வரைக்கும் அந்தப் பிடியை விடவில்லை. எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை, அடக்கவும் இல்லை.

படி இறங்கும்போது நான் கேட்டுவிட்டேன். "நீயாட்டீ பதில் சொன்னே?"

"என்ன பதில் டீச்சர்?"

"பேரு கூப்பிட்டோம்லா, கீழருந்து."

"எனக்கு ஒண்ணுமே கேக்கலையே டீச்சர். தண்ணிச் சத்தம்தான் கேட்டுக்கிட்டு இருந்துச்சு. நீங்க வந்திருக்கதே எனக்குத் தெரியாது."

நான் அக்கா முகத்தைப் பார்த்தேன். இவள் படியைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தாள்.

பகவதி கடைசி வரிசையில் போய் ஜன்னலை விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். பஸ் புறப்பட்டது. மேலகரம் தாண்டும்போதுதான் கவனித்தேன். மைமூனும் இன்னொரு பிள்ளையும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி வந்தார்கள். பகவதிக்கு அந்தப் பக்கம், ஜன்னலோரம், இடம் காலியாகத்தான் கிடந்தது. போய் உட்காருங்கள் என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பெரிய டீச்சரை நான் என்றைக்கும் குறை சொல்லமாட்டேன். தென்காசியில் பஸ்ஸை நிறுத்தி, அவரே பகவதியின் அப்பா வீட்டில் ஏறிப் போய், இனி அந்த வீட்டு வாசலுக்குப் பிள்ளையை அனுப்பினால் நடக்கிறதே வேறு என்று பேசிவிட்டு வந்தார். மறுவாரம் பகவதி தாவணியோடு வகுப்புக்கு வந்தாள். கல்யாணமான பிள்ளையை எப்படிச் சேர்க்கலாம் என்று கேட்டவர்களுக்கும் அவரேதான் பதில் சொன்னார். பதிவேட்டில் கடைசி வரிக்குக் கீழே பகவதியின் பெயரைத் தன் கையால் எழுதினார். மேலே அடித்தது அடித்தபடி இருந்தது.

அன்று காலை நான் தையல் வகுப்பை விட்டுவிட்டுத் தட்டியோரம் நின்றேன். பகவதி என்று கூப்பிட்டதும் 'உள்ளேன் டீச்சர்' வந்தது. கோமதி என்று கூப்பிட்டாள். எப்போதையும்விடக் கூடுதலாக நின்றாள். ஒரு சத்தமும் வரவில்லை. அடுத்த பெயருக்குப் போய்விட்டாள்.

மைமூனால் பொறுக்க முடியவில்லை. "டீச்சர், அன்னைக்கு அது யாரு டீச்சர்?"

"ரெண்டு விடை இருந்துச்சு. ஒண்ணு கெடைச்சிட்டு."

"இன்னொண்ணு?"

"அது கணக்குக்குப் பொருந்தாது, தள்ளிருன்னு புஸ்தகத்துல போட்டிருக்கும்."

"தள்ளிரவா டீச்சர்?"

"எழுதிட்டுத் தள்ளு. எழுதாமத் தள்ளிராத."

இதற்கு மேல் அவள் விளக்கவில்லை. வீட்டில் நான் எத்தனையோ தடவை சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். "நீயும்தான கேட்ட? பெறகு என்னைய ஏன் கேக்க?" என்று முடித்துவிடுவாள்.

ஆனால் எனக்கு ஒன்று விளங்கிற்று. சிவப்பு மசி சொன்னபடி கேட்டு இவள் அந்த இரண்டு பெயரையும் விட்டிருந்தால், நாங்கள் தலை எண்ணி, சரியாக இருக்கிறது என்று சந்தோஷமாக ஊர் வந்து சேர்ந்திருப்போம். எங்கள் கணக்கில் ஒரு தப்பும் இருந்திருக்காது.

இரண்டு வருஷத்தில் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். அவளுக்கு வடக்கே எங்கேயோ வேலை கிடைத்துப் போனாள். புறப்பட்ட அன்றும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள். இந்தத் தடவை நான் உள்ளே நின்றேன். என்னைப் பார்த்ததும் அவளுக்கு எவ்வளவு சந்தோஷம்! அந்த முகத்தை நான் மறக்கவே மாட்டேன். அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. ஒரு தடவை வீரகேரளம்புதூர் போய் விசாரித்தேன். அவர்கள் வீடு பூட்டிக் கிடந்தது, அக்கம்பக்கத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்தேன். காலி வீடுதான். ஆனாலும் பின்பக்கம் போய் இன்னொரு தடவை பார்க்காமல் என்னால் வர முடியவில்லை.

பகவதி எஸ்.எஸ்.எல்.சி. எழுதி, நர்ஸாகி, ரிட்டயரும் ஆகிவிட்டாள். அவளுக்குப் பேரன் பேத்தி இருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை என்னைப் பார்க்க வருவாள். போன ஐப்பசியில் இரண்டு கிழவிகளும் குற்றாலம் போனோம். குளிக்கவில்லை, சும்மா சாரலில் நின்றோம். திரும்புகிற நேரம், பஸ்ஸில் ஏறப் போனவள் படிக்கட்டுப் பக்கம் திரும்பி நின்றாள்.

"நம்ம டீச்சர் இருக்காகளோ இல்லையோ. ஒரு தடவ பேரு சொல்லிக் கூப்பிட்டுப் பாப்பமா டீச்சர்?"

அவள் வாயைத் திறப்பதற்குள் நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"வேண்டாம்ட்டீ."

"ஏன் டீச்சர்?"

அன்றைக்கு உயிரோடு இருந்தவள் பகவதி. அவள் பதில் சொல்லவில்லை. பதில் சொன்னவள் வேறு. கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் அக்கா எங்கேயோ நல்லபடியாக இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வேன். வந்துவிட்டால் நான் என்ன செய்வேன்? அதனால்தான் இவ்வளவு எழுதியும் அவள் பெயரை ஓரிடத்திலும் நான் எழுதவில்லை.